கேமரா மேல் போட்ட பழி

எனக்கு நாற்பத்து நான்கு வயது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்கூடத்தில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். மின்கம்பத்தில் கம்பியைத் தாங்கும் வெள்ளைக் குமிழ்களை நீங்கள் அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். சூளையில் வெந்து ஆறி வரும் அந்தக் குமிழ்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, மரக்குச்சியால் ஒரு தட்டுத் தட்டி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, விரிசல் இருந்தால் ஒதுக்கி வைப்பதுதான் என் வேலை. பதினாறு வருடமாக அதைத்தான் செய்கிறேன். பெரிய விரிசல் சத்தத்திலேயே தெரிந்துவிடும். மயிரிழை விரிசலுக்குக் கண்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் படம் எடுப்பேன். மகள் ஆறாவது படிக்கும்போது, கடலூரில் ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவர் பழையதாகக் கொடுத்த கேமரா அது. கூடவே இரண்டு லென்ஸ். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, எடுத்து எடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன். ஜங்ஷன் பெஞ்சில் ரயிலுக்குக் காத்திருப்பவர்கள், பழமலைநாதர் கோயில் மதிலோரம் வெயில் சாய்வது, மணிமுத்தாற்று மணலில் துணி காயப்போடுகிறவர்கள், சூளைக்கு மண் மிதிக்கிறவர்களின் முழங்கால். ஒரு வாரம் குமிழைப் பார்த்துப் பார்த்து மரத்துப்போன கண்ணுக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் மருந்து.

இரண்டு வருடத்துக்கு முன்பு, மாவட்டத்தில் படம் எடுக்கும் ஆசை உள்ளவர்கள் சேர்ந்த போட்டோ குரூப்பில் என்னையும் சேர்த்தார்கள். வாத்தியார், மருந்துக்கடைக்காரர், நெல் வியாபாரி, வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்கள் என்று நாற்பது பேர் இருப்பார்கள். படம் எடுத்துப் பிழைக்கிறவர் ஒருவரும் கிடையாது. ஆனால் அங்கே படத்தைவிடக் கேமராவைப் பற்றித்தான் பேச்சு அதிகம். அதிலும் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் என்ற மூன்று வார்த்தை வராத நாள் இல்லை. கேமராவுக்குள் வெளிச்சத்தை வாங்கிக்கொள்கிற தகடு அதில் பெரியது. என்னுடையதில் அது பாதிக்கும் குறைவு. என்னுடையதில் உள்ளே ஒரு கண்ணாடி மேலும் கீழும் அடித்துக்கொள்ளும். அதில் அது கிடையாது. விலை கேட்டால் ஒரு ஸ்கூட்டர் வாங்கி, பெட்ரோலும் போட்டுக்கொள்ளலாம். லென்ஸுக்குத் தனி.

நான் அதையெல்லாம் கண்டுகொள்ளாமல்தான் இருந்தேன். ஒருநாள் ஜங்ஷனில் எடுத்த படம் ஒன்றைப் போட்டேன். சேலம் ரயிலுக்குக் காத்திருந்த ஒரு அம்மா, மடியில் முறுக்குப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு தூங்கும் படம். மருந்துக்கடைக்காரர் கீழே எழுதினார்: "படம் நல்லாதான் இருக்குது மேடம். ஆனா கொஞ்சம் சாஃப்ட். உங்க கேமராவுல இதுக்கு மேல எதிர்பாக்க முடியாது. சீரியஸா எடுக்கணும்னா ஃபுல் ஃப்ரேம் போயிடுங்க."

அவர் கெட்ட மனிதர் இல்லை. நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அந்த 'சாஃப்ட்' எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கேமராவை எடுத்துப் பின்பக்கத் திரையில் பார்த்தேன். உண்மைதான், அந்த அம்மாவின் முகத்தில் ஒரு மசமசப்பு. அதற்கு முந்தின படத்தைப் பார்த்தேன். அதிலும் இருந்தது. அதற்கும் முந்தினதில், இருக்கிற மாதிரியும் இல்லாத மாதிரியும் இருந்தது.

அன்றிலிருந்து எந்தப் படம் எடுத்தாலும் முதல் வேலை திரையில் உற்றுப் பார்ப்பது. கலங்கலாக இருந்தால் அங்கேயே அழித்துவிடுவேன். முன்பெல்லாம் நூறு படம் எடுத்தால் வீட்டுக்கு எண்பது வரும். பிறகு இருபது வந்தது, அப்புறம் ஐந்தாறு. மகளைச் சேலத்தில் கல்லூரி விடுதியில் சேர்த்த அன்று, வாசலில் பெட்டியோடு நின்று திரும்பிப் பார்த்தாள். ஒரே ஒரு படம் எடுத்தேன். பஸ்ஸில் வரும்போது திரையில் பார்த்தேன். கலங்கல். கண்ணீரோ என்று துடைத்துவிட்டுப் பார்த்தேன், அப்போதும் கலங்கல்தான். அழித்துவிட்டேன்.

"எனக்கு ஃபுல் ஃப்ரேம் வாங்கணுங்க" என்றேன் வீட்டுக்காரரிடம்.

அவர் ஜங்ஷனில் டிக்கெட் கொடுக்கிறவர். யாராவது அவசரப்பட்டால் அவர் இன்னும் நிதானமாகிவிடுவார். "வாங்கணும்னா வாங்கு. உன் காசு. எதுக்குன்னு மட்டும் ஒரு தடவ சொல்லு."

"படம் தெளிவா வர மாட்டேங்குது."

"முன்ன வந்துச்சே?"

"கேமராவுக்கு வயசாயிடுச்சி."

அந்தச் சமயத்தில்தான் வேலை இடத்திலும் ஒரு சங்கடம் வந்தது. நான் பார்த்து அனுப்பிய சரக்கில் இரண்டு குமிழ்களில் மயிரிழை விரிசல் இருந்ததென்று திரும்பி வந்தன. பதினாறு வருடத்தில் அப்படி நடந்ததில்லை. எங்கள் பிரிவு மேஸ்திரி அம்மா திட்டவில்லை, திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. குமிழை என் கையில் வைத்து, "என்னாம்மா, உன் கண்ணுல தப்பாதே?" என்றார். அதில் விரிசல் எங்கே என்று எனக்கு உடனே தெரியவில்லை. அவர் விரலால் காட்டிய பிறகு, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். "டியூப்லைட்டு மங்கலா எரியுதுக்கா" என்றேன். வீட்டில் கேமரா மேல் பழி, வேலையில் டியூப்லைட் மேல் பழி.

அந்த மாதம் எங்கள் குரூப்பில் இருக்கும் மங்கலம்பேட்டை பாய் ஒருவர் லீவில் ஊருக்கு வந்திருந்தார். வளைகுடாவில் ஏதோ குளிர்பதனக் கம்பெனியில் வேலை. என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர், அதனால் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் ஃபுல் ஃப்ரேம் இருந்தது. நான் வாங்கப்போவதைக் கேள்விப்பட்டு அவரே போன் செய்தார்.

"வாங்கறதுக்கு முன்னாடி கையில வச்சிப் பாத்துடணும்கா. ஒரு வாரம் எடுத்துக்கிட்டுப் போங்க. எனக்கு இந்த வாரம் தங்கச்சி வூட்டுக் கல்யாண வேல, தொடக்கூட நேரமில்ல."

"ஐயோ பாய், அவ்ளோ வெலயுள்ள பொருளு..."

"பொருளுதானக்கா. கடிக்காது."

வாங்கி வந்தேன். வந்த அன்று துண்டில் சுற்றி, பீரோவில் பட்டுப்புடவைக்குக் கீழே வைத்தேன். மறுநாள் அதை எடுத்து வேறு இடத்தில் வைத்தேன். பல்லி ஏறிவிடுமோ, ஈரம் பட்டுவிடுமோ, மகள் அறை ஜன்னல் சரியாகச் சாத்தியிருக்கிறதோ என்று நாலு நாள் அதற்குக் காவல்தான் இருந்தேனே தவிர ஒரு படம் எடுக்கவில்லை. வீட்டுக்காரர் சொன்னார், "வூட்டுல ஒரு சம்பந்தி வந்து தங்குன மாதிரி இருக்குது."

ஞாயிற்றுக்கிழமை அதோடு ஸ்ரீமுஷ்ணம் பஸ் ஏறினேன். பூவராகர் கோயிலுக்கு. பஸ்ஸில் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்த அம்மா, "கைக்கொழந்தையா?" என்று பையை எட்டிப் பார்த்தார்.

கேமராவைக் குறை சொல்லக் கூடாது. அது செய்த வேலை எனக்கு மலைப்பாக இருந்தது. ஒரு ஆளுக்கு நேரே திருப்பினால் அவர் கண்ணை அதுவே கண்டுபிடித்து ஒரு சின்னக் கட்டம் போட்டுப் பிடித்துக்கொள்கிறது. அவர் நடந்தால் கட்டமும் கூடவே நடக்கிறது. சத்தமே இல்லை. ஆனால் லென்ஸ் சொம்பு மாதிரி இருந்தது. கால்மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்தது. கோயில் வாசலில் பூ விற்கிற பெண் ஒருத்தி நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். நான் கேமராவைத் தூக்கியதும் சிரிப்பை நிறுத்தி, முந்தானையைச் சரிசெய்து, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எந்த டிவிம்மா?"

"டிவியெல்லாம் இல்ல. சும்மா."

"சும்மாவா இவ்ளோ பெருசு வச்சிருக்க?"

அவள் நம்பவில்லை. அவளைச் சுற்றி இருந்தவர்களும் நம்பவில்லை. ஒருவர் வந்து தெருவிளக்கு எரியவில்லை என்று புகார் சொல்லிவிட்டுப் போனார். எப்படியோ ஒரு அறுபது எழுபது படம் எடுத்தேன். மண்டபத்து நிழலில் உட்கார்ந்து திரையில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

கலங்கல்.

எல்லாமே அதே மசமசப்பு. அப்படியானால் கேமராவும் இல்லை, என் கைதான் போய்விட்டது என்று நினைத்தேன். கை நடுங்குகிறதா என்று நீட்டிப் பார்த்தேன். நடுங்கவில்லை. அன்றைக்கு எடுத்ததில் முக்கால்வாசியை அங்கேயே உட்கார்ந்து அழித்தேன்.

அடுத்த நாள் சாயங்காலம் வேலை முடிந்து மங்கலம்பேட்டைக்குப் போனேன், திருப்பிக் கொடுக்க. கல்யாணம் முடிந்து வீடு ஓய்ந்திருந்தது. பாயின் மனைவி டீயும், மிச்சமிருந்த கல்யாண இனிப்பும் கொடுத்தார். ஜன்னல் வழியாக வெயில் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. அவர் மடியில் இரண்டு வயதுப் பெண் குழந்தை மருதாணிக் கையை விரித்து வைத்திருந்தது. "கடைசியா ஒண்ணு எடுத்துக்கறேன்" என்று இருவரையும் எடுத்தேன். திரையைப் பார்த்தேன். வழக்கம்போல.

"ச்சே. இதுவும் சரியில்ல" என்று அழிக்கும் பொத்தானில் விரலை வைத்தேன்.

பாயின் மனைவி எட்டிப் பார்த்தார். சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "அய்யோ, அழிக்காதீங்கக்கா! என்னா இருக்குது இதுல? புள்ள இமைய ஒண்ணொண்ணா எண்ணலாம் போல இருக்குதே!"

"எங்க? மங்கலால்ல இருக்கு?"

அவர் பாயைக் கூப்பிட்டார். பாய் வாங்கிப் பார்த்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அக்கா, கத்தி மாதிரி இருக்குது படம். மருதாணிக் கோடுகூட தனித்தனியா தெரியுது. உங்களுக்குத் தெரியலையா?"

நான் மறுபடி வாங்கிப் பார்த்தேன். இமை தெரியவில்லை. ஒரு கறுப்புத் தீற்றல் தெரிந்தது. அந்த நிமிடம் எல்லாம் ஒன்றாக விளங்கியது. ஜங்ஷன் அம்மா, விடுதி வாசலில் மகள், திரும்பி வந்த இரண்டு குமிழ்கள், மண்டபத்து நிழல். கேமராவிலும் கோளாறு இல்லை, டியூப்லைட்டிலும் இல்லை. கண்ணில்.

"கண்ணாடி போடணும் போல இருக்குதுக்கா, அவ்ளோதான்" என்றார் பாயின் மனைவி சாதாரணமாக. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் சிரித்திருப்பார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

என் அப்பா தனியார் பஸ் டிரைவர். ஸ்ரீமுஷ்ணத்துக்கும் விருத்தாசலத்துக்குமாக இருபது வருடத்துக்கு மேல் ஓட்டினார். ஐம்பது வயதை நெருங்கும்போது கண்ணாடி போட்டார். சரியாகவில்லை என்று ஆறு மாதத்தில் மாற்றினார். மறுபடி மாற்றினார். ஒருநாள் ஒரு திருப்பத்தில், பக்கத்தில் வந்த சைக்கிளை அவர் பார்க்கவே இல்லை. சைக்கிள்காரர் குதித்துத் தப்பினார். அப்பா பஸ்ஸை ஓரம் கட்டி, சாவியைக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் பெரிய மருத்துவமனைக்குப் போனார். கண் அழுத்த நோய் என்றார்கள், ஓரப் பார்வை போய்விட்டது, போனது திரும்பாது என்றார்கள். கடைசி ஏழெட்டு வருடம் அவர் எங்கள் குரலை வைத்துத்தான் எங்களை அடையாளம் கண்டார். வெறும் கண்ணாடி சமாச்சாரம் என்றுதான் அவருக்கும் முதலில் சொன்னார்கள்.

பாய் வீட்டிலிருந்து எப்படிக் கிளம்பினேன் என்று நினைவில்லை. வீட்டுக்கு வந்து சமைத்தேன். பருப்பில் உப்புப் போட்டேனா என்று தெரியாமல் இரண்டு முறை போட்டேன். வீட்டுக்காரர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "என்னா ஆச்சு?" என்றார். சொன்னேன். அவர் தட்டை நகர்த்திவிட்டு, "வியாழக்கிழம எனக்கு ரெஸ்ட்டு. பாண்டிச்சேரிக்குப் போலாம்" என்றார்.

நடுவில் இரண்டு நாள். வேலையில் ஒவ்வொரு குமிழையும் மூன்று முறை தட்டினேன், கண்ணை நம்பாமல் காதை நம்பி. ஒற்றைக் கண்ணை மூடி மூடி ஓரத்தில் என்ன தெரிகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வலது பக்கம் உட்கார்ந்திருந்தவளின் வளையல் தெரிந்தால் நிம்மதி. அடுத்த நிமிடம் அது முன்னைவிட மங்கலாகத் தெரிகிறதோ என்று பயம். புதுக் கேமரா ஆசை எங்கே போனதென்று தெரியவில்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் பஸ் பிடித்தோம். பாண்டிச்சேரி கண் மருத்துவமனையில் கூட்டமான கூட்டம். ஒரு அறையில் கண்ணில் புஸ்ஸென்று காற்றடித்தார்கள். இன்னொரு அறையில் ஒரு கண்ணை மூடி, வெள்ளைக் கிண்ணம் மாதிரி இருந்த இயந்திரத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். "நடுவுல உள்ள புள்ளியையே பாருங்க. சுத்தி எங்கயாவது வெளிச்சம் மின்னுனா பொத்தான அமுக்குங்க." ஓரத்தைச் சோதிக்கிற இயந்திரம் என்று எனக்குத் தெரியும், அப்பாவோடு வந்தபோது வெளியே நின்று பார்த்திருக்கிறேன். வெளிச்சம் மின்னியது, அமுக்கினேன். மின்னியது, அமுக்கினேன். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் மின்னவில்லை. மின்னி, எனக்குத் தெரியாமல் போகிறதோ?

அப்புறம் ஒரு பெண் பரிசோதகர் எழுத்து அட்டையைக் கையில் கொடுத்தார். மேலே பெரிய எழுத்து, கீழே வர வரச் சின்னது. நாலாவது வரியோடு நின்றுவிட்டேன். அவர் கனமான சோதனைக் கண்ணாடியை மூக்கில் மாட்டி, இரண்டு வில்லைகளைச் சொருகினார். "இப்ப படிங்க."

அட்டையில் இருந்த எறும்பு வரிசை எழுத்தாக எழுந்து நின்றது. கடைசி வரி வரைக்கும் படித்தேன். அவர் போதும் என்ற பிறகும், அட்டையின் மூலையில் பொடியாக அச்சடித்திருந்ததையும் படித்தேன். அட்டையைப் பிடித்திருந்த என் கட்டைவிரலில் களிமண் ஏறிய சின்னச் சின்னக் கோடுகளைப் பார்த்தேன்.

ஆனாலும் டாக்டர் சொல்லும்வரை நம்புவதாக இல்லை. சொட்டு மருந்து விட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார் டாக்டர். என் மகளைவிடப் பத்து வயதுதான் மூத்தவராக இருப்பார். தாள்களைப் புரட்டினார்.

"அப்பாவுக்கு இருந்துச்சின்னு எழுதியிருக்கீங்க. அதான் எல்லா டெஸ்ட்டும் எடுத்தோம். அழுத்தம் சரியா இருக்கு. நரம்பு நல்லா இருக்கு. ஓரப் பார்வை முழுசா இருக்கு. உங்களுக்கு இருக்கறது வெள்ளெழுத்தும்மா. கிட்டத்துல உள்ளது மட்டும் கலங்கும். நாப்பது தாண்டுனா எல்லாருக்கும் வர்றது."

"வெள்ளெழுத்து மட்டுமா?"

"மட்டுந்தான்."

"நல்லாப் பாத்தீங்களா டாக்டர்?"

அவர் சிரித்தார். "நல்லாவே பாத்தேன். வருஷம் ஒரு தடவ வந்து காட்டிட்டுப் போங்க, அப்பாவுக்கு இருந்ததால. அவ்ளோதான்."

வெளியே வந்தோம். சொட்டு மருந்தினால் கண் கூசியது. தெரு முழுக்க வெள்ளை வெளிச்சம். எதுவும் சரியாகத் தெரியவில்லை. வீட்டுக்காரர் தன் துண்டை என் தலைமேல் போட்டு, கையைப் பிடித்து ரோட்டைத் தாண்ட வைத்தார். நடு ரோட்டில் எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அவர் ஒரு ஓட்டலுக்குள் கூட்டிப்போய் உட்கார வைத்தார். என்ன சாப்பிட்டோம் என்று கண்ணுக்குத் தெரியாமலே நாலு இட்லி, ஒரு பொங்கல், ஒரு வடை சாப்பிட்டேன். முந்தின இரண்டு நாளுக்கும் சேர்த்துப் பசித்தது.

டீ குடிக்கும்போது அவர் கேட்டார். "இப்ப சொல்லு. அந்தக் கேமரா வாங்கணுமா?"

"இருங்க. முதல்ல கண்ண வாங்கிக்கறேன்" என்றேன்.

கண்ணாடி வந்த நாள் மாலை, வீட்டில் மிச்சமிருந்த படங்களையெல்லாம் லேப்டாப்பில் திறந்து பார்த்தேன். முறுக்குப் பொட்டலத்தோடு தூங்கிய அம்மாவின் படம் மட்டும் உண்மையிலேயே கொஞ்சம் அசைந்துதான் இருந்தது. மருந்துக்கடைக்காரர் சொன்னது சரி. ரயில் வரும் நேரம், நான்தான் அவசரத்தில் அசைத்திருக்கிறேன். மற்றவை எல்லாம் தெளிவு. மண் மிதிக்கிறவரின் முழங்காலில் காய்ந்த சேறு வெடித்திருப்பதுகூடத் தெரிந்தது. அப்படியானால் அழித்தவையும் இப்படித்தானே இருந்திருக்கும். மகளின் அந்த ஒரு படத்தை நினைத்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ படம் கேமராவின் மெமரி கார்டில் ஏறி இறங்கிவிட்டது. அது போனது போனதுதான். மகளிடம் போனில் சொன்னேன். "லீவுக்கு வந்து திரும்பிப் போறப்ப அதே மாதிரி நிக்கிறேம்மா. பெட்டியோட" என்றாள்.

ஸ்ரீமுஷ்ணத்துப் படங்கள் மட்டும் பிழைத்தன. நான் திருப்பிக் கொடுத்த பிறகு பாய் அந்தக் கார்டைத் தொடவில்லை. அழித்தால் உடனே போய்விடாது, மேலே வேறு படம் ஏறாதவரை மீட்டுவிடலாம் என்று சொல்லி, ஏதோ ஒரு மென்பொருளைப் போட்டு ஒன்றிரண்டைத் தவிர எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தார்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. அடுத்த ஞாயிறு, அதே நேரத்துக்கு, என் பழைய கேமராவோடு ஸ்ரீமுஷ்ணம் போனேன். புதுக் கண்ணாடி கேமராவில் இடித்தது. கண் வைத்துப் பார்க்கும் இடத்துக்குப் பக்கத்தில் பல்சக்கரம் மாதிரி ஒரு சின்னத் திருகு இருக்கிறது, அதைப் பார்வைக்குத் தகுந்தபடி திருப்பிக்கொள்ளலாம் என்று பாய் சொல்லித்தான் தெரியும். இத்தனை வருடமாக அது எதற்கென்றே தெரியாமல் வைத்திருந்திருக்கிறேன். அதே மண்டபம், அதே மதில், அதே பூக்காரி. இந்த முறை அவள் எந்த டிவி என்று கேட்கவில்லை. சின்னக் கேமராவைப் பார்த்துவிட்டுத் தன் பாட்டுக்குப் பக்கத்துக் கடைக்காரியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு கேமராப் படங்களையும் எடுத்துக்கொண்டு மங்கலம்பேட்டை போனேன். பாயும் நானும் லேப்டாப்பில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தோம். மண்டபத்துக்குள் இருட்டில் எடுத்ததில் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. என்னுடையதில் தூணுக்குப் பின்னால் புள்ளிப் புள்ளியாக மணல் தூவின மாதிரி இருந்தது, அவருடையதில் சுத்தம். மாலை வெளிச்சத்தில் வெளியே எடுத்ததில் எது எதில் எடுத்தது என்று இருவருக்கும் சொல்ல வரவில்லை. அவர் மனைவி ஒரு படத்தைக் காட்டி, "இது நம்ம கேமராவுது" என்றார், அடித்துச் சொல்லி. அது என்னுடையது. பாய் வாய்விட்டுச் சிரித்தார்.

"நேரா கேக்கறேன் பாய். என்ன மாதிரி ஆளுக்கு இது தேவையா?"

"தேவையில்லக்கா. ராத்திரி கச்சேரி, இருட்டு மண்டபம், ஆளுயரத்துக்குப் பிரிண்ட்டு, இதெல்லாம் பண்றவங்களுக்கு வேணும். எனக்கே தேவையில்லதான். ஆனா அங்க ஒரு ரூமுல ஆறு பேரு. வேல விட்டு வந்தா செய்ய ஒண்ணுமில்ல. வெள்ளிக்கிழம அத எடுத்துக்கிட்டு கடக்கரைக்குப் போவேன். இன்னும் நல்லா எடுக்கணும் நல்லா எடுக்கணும்னு நெனச்சிக்கிட்டே இருந்தா லீவு வர்ற வரைக்கும் ஓடிடும். அதுக்குத்தான் வாங்குனேன்." பிறகு சொன்னார், "தேவைன்னு சொல்லி வாங்குனா ஏமாந்துடுவோம். ஆசைன்னு சொல்லி வாங்குனா ஒண்ணும் தப்பில்ல."

எனக்கு அது பிடித்திருந்தது. என் ஆசையையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இருந்தது, ஆனால் கடிக்கவில்லை. அந்தக் கேமராவைத் துண்டில் சுற்றிக் காவல் காத்த நாலு நாளை நினைத்தேன். என் பழையதை நான் சமையல் மேடையில் வைப்பேன், பஸ்ஸில் காலடியில் வைப்பேன், மழை பிடித்தால் முந்தானையில் மூடுவேன். வாங்க வேண்டாம் என்று முடிவானதும், முதுகில் ஏற்றியிருந்த மூட்டையை யாரோ இறக்கிவிட்டது போல முதுகு லேசானது. மருந்துக்கடைக்காரருக்கு மட்டும் எழுதினேன்: சாஃப்ட் என்று நீங்கள் சொல்லாவிட்டால் நான் கண் ஆஸ்பத்திரிக்கே போயிருக்க மாட்டேன், நன்றி. அவர் பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டார்.

கண்ணாடியோடு வேலைக்குப் போன முதல் நாள், பத்து நிமிடத்துக்குள் ஒரு மயிரிழை விரிசலைப் பிடித்தேன். மேஸ்திரி அம்மா வந்து பார்த்தார். வாங்கி, தூர வைத்துப் பார்த்தார். இன்னும் தூர வைத்தார். "எங்க?" என்றார்.

நான் என் கண்ணாடியைக் கழற்றி நீட்டினேன்.

அவர் போட்டுக்கொண்டார். குமிழைப் பார்த்தார். "அட!" என்றார். பிறகு குமிழை வைத்துவிட்டுத் தன் சேலைக் கரையைப் பார்த்தார், மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்த பெயரைப் பார்த்தார். செக்கிங் மேசையில் இருந்த எட்டுப் பேரும் கையை நிறுத்திவிட்டார்கள். அவரிடமிருந்து பக்கத்தில் இருந்தவள் வாங்கினாள், அவளிடமிருந்து அடுத்தவள். நாற்பதைத் தாண்டினவர்கள் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் அது ஒத்துக்கொண்டது. ஊசியில் நூல் கோர்க்க மகளைக் கூப்பிடுகிறேன் என்றாள் ஒருத்தி. அரிசியில் கல் பொறுக்குவதை விட்டே ஒரு வருடமாகிறது என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் வெளிச்சம் சரியில்லை என்றுதான் நினைத்திருந்தார்கள்.

"சனிக்கிழம அரை நாளு. எல்லாரும் சேந்து போயி காட்டிக்கிட்டு வந்துடுவோம்" என்றார் மேஸ்திரி அம்மா. கண்ணாடி மட்டும் இன்னும் என்னிடம் வரவில்லை. மேசையின் கடைசியில் இருந்த என் பழைய கூட்டாளி, என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள், அதை மாட்டிக்கொண்டு என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து உற்றுப் பார்த்தாள்.

"அடிப்பாவி" என்றாள். "உனக்கு எப்படி இவ்ளோ வயசாச்சு?"